வயலின் உரமும் கிணற்று நீரும்

குடிநீரைக் காய்ச்சிப் பருகவேண்டும் என்பது சுகாதாரத்தின் முதற்பாடம். வாந்திபேதி, விஷஜுரம் முதலிய நோய்களைப் பரப்பும் கிருமிகள் கொதிநீரில் மடிந்துவிடுகின்றன. ஆனால், வேளாண்மை மிகுந்த பகுதிகளில் கிணற்று நீரிற் கலந்து வரும் ஒரு பொருளை நெருப்பினால் அகற்ற இயலாது. அதுவே நைட்ரேட். அது நிறமும் மணமும் இன்றி நீரில் கரைந்து நிற்பது. காய்ச்சும்பொழுது நீர் ஆவியாகிக் குறைகிறது. நைட்ரேட்டோ எஞ்சி நிற்கிறது. ஆகவே அதன் செறிவு சிறிது கூடவும் செய்கிறது.

நைட்ரேட் கிணற்றை அடையும் வழி யாது? 100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து அடங்கியுள்ளது. மண்ணில் இட்ட யூரியா முதலில் அம்மோனியமாகவும், பின்னர் நுண்ணுயிர்களின் செயலால் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. களிமண் துகள்கள் எதிர்மின் ஏற்றம் உடையவை. அவை நேர்மின் ஏற்றமுள்ள அம்மோனியத்தைப் பற்றிக்கொள்ளும். எதிர்மின் ஏற்றமுள்ள நைட்ரேட்டை அவை பற்றுவதில்லை. பயிரின் வேர்கள் உறிஞ்சாது விட்ட நைட்ரேட், மழையுடனும் பாசன நீருடனும் கீழிறங்கி நிலத்தடி நீரை அடைகிறது. மணற்பாங்கான நிலத்தில் இது விரைவாக நிகழும். சாணக் குவியல்களிலிருந்தும் கழிப்பிடக் குழிகளிலிருந்தும் கசியும் நீரும் இதே தீங்கை விளைவிக்கிறது.

இதனால் பெரிதும் பாதிக்கப்படுவோர் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகள். அவர்களுடைய வயிற்றில் அமிலத்தன்மை குறைவு. ஆதலால் நுண்ணுயிர்கள் அங்கே பெருகி நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றிவிடுகின்றன. அது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை, பிராணவாயுவைச் சுமக்க இயலாத மெத்திமோகுளோபினாக மாற்றுகிறது. குழந்தையின் உதடுகளும் நகங்களும் நீலம் பாரிக்கின்றன; கடுமையான நிலையில் உயிருக்கே ஆபத்து நேரும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பணியாற்றிய டாக்டர் ஹண்டர் காம்லி, கிணற்று நீரே இதற்குக் காரணம் என்று 1945-ல் எடுத்துக்காட்டினார். தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. கிணற்று நீரிற் கரைத்த பால்மாவை உண்ணும் குழந்தைக்கே அச்சம் அதிகம்.

ஒரு லிட்டர் குடிநீரில் நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று இந்திய தர நிர்ணய அமைவனம் 2012-ல் வெளியிட்ட விதிகள் வரையறுக்கின்றன. வேறு நீர் கிடைக்காத இடத்திலும் இவ்வரம்பிற்குத் தளர்வு இல்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாடெங்கும் சோதித்த மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இவ்வரம்பைக் கடந்திருந்தது.

நீரிற் கரைந்த நைட்ரேட்டைப் படிகாரமோ குளோரினோ நீக்காது. எதிர் சவ்வூடுபரவல் போன்ற முறைகளால் நீக்கலாம். ஆயின் அவற்றிற்குச் செலவு மிகும். ஆகவே, காவல் வயலிலேயே தொடங்குதல் வேண்டும். லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெற்பயிருக்கு இலை வண்ண அட்டையைப் பரிந்துரைக்கிறது. முழுதும் விரிந்த இளம் இலைகளில் பத்தினை அட்டையின் பச்சை நிறத்துடன் ஒப்பிட்டு, ஆறோ அதற்கு மேற்பட்டவையோ வெளிறியிருந்தால் மட்டுமே உரம் இடவேண்டும். பயிருக்குத் தேவையான காலத்தில் தேவையான அளவே இடுவதால் விளைச்சலும் குன்றாது, பணமும் மிஞ்சும். வேப்பெண்ணெய் பூசிய யூரியா, அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துகிறது. உள்நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதற்கும் இப்பூச்சு 2015-ல் கட்டாயமாக்கப்பட்டது.

எருக்குழியையும் கழிப்பிடக் குழியையும் கிணற்றிலிருந்து விலக்கி, தாழ்ந்த புறத்தில் அமைத்தல் நலம். கிணற்றைச் சுற்றிச் சிமெண்டுத் தளமும் வடிகாலும் இருத்தல் வேண்டும். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் கீழ், களச் சோதனைப் பெட்டிகளைக் கொண்டு நீரைச் சோதிக்கக் கிராமந்தோறும் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. பச்சிளங் குழந்தை உள்ள இல்லத்தார் தம் கிணற்று நீரை அவ்வாறு சோதித்தறிவது இன்றியமையாதது. வரம்பு கடந்திருப்பின், அந்நீரிற் குழந்தைக்கு உணவு தயாரிப்பதை உடனே நிறுத்தி, சோதித்த வேறு நீரைப் பயன்படுத்த வேண்டும்.

நிலத்தடி நீரிற் சேர்ந்த நைட்ரேட் எளிதில் அகல்வதில்லை; பல்லாண்டுகள் அங்கேயே தங்கும். இன்று வயலில் அளவறிந்து உரமிடும் உழவர், தம் பேரக்குழந்தைகள் பருகப்போகும் நீரையும் காக்கின்றார்.