எண்ணும் உறையும்

ஐதராபாத் நகரின் மேற்கே மாதாப்பூரை அடுத்துள்ளது கொண்டாப்பூர். 1998-ஆம் ஆண்டில் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பெற்ற பின்னர், இவ்வட்டாரமெங்கும் கணிப்பொறி நிறுவனங்கள் பெருகின. தொழில் நாடி வந்து இங்கே குடியேறிய தமிழரும் பலர். அவர்தம் தொழிற்கருவிகளுள் ஒன்று, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட ஜாவா என்னும் நிரல்மொழி. அம்மொழியில் மாறாத எண்ணை, அதாவது மாறிலியை, எவ்வகையில் எழுதிவைப்பது நலம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஜாவாவில் முழு எண்ணை இருவகையாக வைக்கலாம். ‘இன்ட்’ என்பது 32 பிட்டுகளில் அடங்கும் வெறும் எண். ‘இன்டிஜர்’ என்பதோ அவ்வெண்ணைத் தன்னுள் பொதிந்த உறை. திருமண வீட்டில் மொய்ப்பணத்தைக் கையில் கொடுப்பதும் உறையிலிட்டுக் கொடுப்பதும் போன்றது இவ்வேறுபாடு. இருவர் தரும் உறைகளிலும் 101 ரூபாய் இருக்கலாம். தொகை ஒன்றே, உறைகளோ இரண்டு.

இரண்டு இன்டிஜர்களை இரட்டைச் சமக்குறியிட்டு ஒப்பிடின், ஜாவா உள்ளிருக்கும் எண்ணை நோக்குவதில்லை. இரண்டும் ஒரே உறைதானா என்றே நோக்குகிறது. 2004-இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல், எண்ணை மொழியே உறையிட்டுக்கொள்கிறது. அவ்வாறு செய்யுங்கால், -128 முதல் 127 வரையுள்ள எண்களுக்கு ஆயத்தமாக வைத்துள்ள ஒரே உறையை வழங்குகிறது. பிற எண்களுக்கு வழக்கமாகப் புதிய உறை செய்கிறது.

இதனால் விளைவது யாது? அரங்கிற்கு நுழைவுச்சீட்டு விற்கும் நிரலொன்றைக் கருதுவோம். இருக்கை 100 என்பது மாறிலி. விற்ற சீட்டுகளின் எண்ணிக்கை அதற்குச் சமமானதும் விற்பனை நிற்கவேண்டும். இரண்டும் இன்டிஜராயினும் சோதனையில் நிரல் பிழையின்றி நடக்கும். அதனையே 500 இருக்கையுள்ள அரங்கில் அமைத்தால், இரண்டு 500-களும் வெவ்வேறு உறைகளாதலின், சமம் என்னும் விடை கிட்டாது. 501-ஆவது சீட்டும் விற்கப்படும். அச்சீட்டை வாங்கியவருக்கு இருக்கை ஏது?

மாறிலியை ‘இன்ட்’ ஆக அறிவித்தால் இவ்விடர் நீங்கும். எதிரே நிற்பது இன்டிஜராயினும், மொழியே உறையைப் பிரித்து எண்களை ஒப்பிடும். இரண்டும் இன்டிஜராகவே இருந்தாகவேண்டிய இடத்தில், ‘ஈக்குவல்ஸ்’ என்னும் செயல்முறையால் ஒப்பிடுதலே முறை.

உறைக்கும் உரிய இடம் உண்டு. பட்டியல் போன்ற ஜாவாவின் தொகுப்புகள் வெறும் எண்ணை ஏற்பதில்லை, உறையையே ஏற்கும். ‘இன்னும் மதிப்பு இல்லை’ எனக் காட்டவும் உறை உதவும். மாறிலிக்கோ என்றும் மதிப்பு உண்டு. ஆதலின் அதற்கு உறை வேண்டுவதில்லை.

ஒன்றை மட்டும் நினைவிற்கொள்ளல் வேண்டும். எண் நேராக எழுதப்பட்ட ‘இன்ட்’ மாறிலியைத் தொகுப்பி, அது பயன்படும் இடந்தோறும் எண்ணாகவே பதித்துவிடும். பின்னாளில் அவ்வெண்ணை மாற்றுவோர், அதனைப் பயன்படுத்தும் பகுதிகள் யாவற்றையும் மீண்டும் தொகுத்தல் வேண்டும்.