விவிலியப் பழஞ்சொற்களும் திருப்பூர் வட்டாரத் தறி வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

பழைய விவிலிய மொழிபெயர்ப்புகளில் பொருள் மயக்கம் தரும் சொற்களுள் நெசவுச் சொற்களும் அடங்கும். நாடா, பாவு, ஊடை, பஞ்சுநூல் ஆகியவற்றின் பொருளைத் திருப்பூர் வட்டாரத் தொழில் வழக்கின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: விவிலியத் தமிழ், பொருள் மாற்றம், நெசவு வழக்கு, விசைத்தறி, பின்னலாடை

முன்னுரை

அறியாத பழஞ்சொல்லை எதிர்கொள்பவர் அகராதியை நாடுவார். அறிந்த சொல்லே வேறு பொருளில் நிற்குமாயின் ஐயமின்றிக் கடந்துவிடுவார். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் ஆங்கில விவிலியத்தின் ‘பிரிவென்ட்’ என்னும் சொல் இதற்குச் சான்றாகும். இன்று ‘தடுத்தல்’ எனப் பொருள்படும் அச்சொல், 1 தெசலோனிக்கேயர் 4:15இல் ‘முந்துதல்’ என்னும் பொருளில் வந்துள்ளது. அவ்விடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு ‘முந்திக்கொள்’ என்னும் வினையை ஆள்வதால், ஆங்கிலப் பழஞ்சொல்லுக்குத் தமிழே உரையாகிறது. எனினும், ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்த அத்தமிழ் மொழிபெயர்ப்பிலும் இத்தகைய சொற்கள் உள்ளன.

நாடா

யோபு 7:6இல் வாழ்நாளின் விரைவுக்கு நெய்பவர் எறியும் நாடா உவமையாகிறது. திருப்பூர்ப் பின்னலாடை வழக்கில் நாடா என்பது ஆடையின் இடுப்பில் கோக்கப்படும் பட்டைக் கயிறு. அப்பொருளைக் கொண்டால் உவமை சிதையும். பல்லடம், சோமனூர் பகுதி விசைத்தறிகளில் நாடா என்பது, தார் நூலைத் தன்னுள் கொண்டு பாவு இழைகளின் ஊடே மாறிமாறிப் பாயும் கருவியாகும். இதுவே உவமைக்குரிய பொருள்.

எபிரேய மூலத்தில் அவ்வசனம் ‘திக்வா’ என்னும் சொல்லுடன் முடிகிறது. அச்சொல் நம்பிக்கையையும் கயிற்றையும் குறிக்கும். யோசுவா 2:18இல் கயிறு என்னும் பொருளிலேயே வந்துள்ளது. தார் தீர்ந்தால் நெசவு நிற்கும். நம்பிக்கை தீர்ந்த வாழ்வும் நூல் தீர்ந்த தறியும் ஒரே சொல்லில் இணையும் இச்சிலேடை, நாடாவின் தறிப்பொருளை அறிந்தவர்க்கே புலப்படும்.

பாவும் ஊடையும்

லேவியராகமம் 13:48இல் இடம்பெறும் பாவு நீளவாட்டு இழையையும், ஊடை குறுக்கிழையையும் குறிக்கும். பனியன் துணி வட்டப் பின்னல் எந்திரத்தில் கண்ணி கண்ணியாகக் கோக்கப்படுவதால், அதில் பாவும் ஊடையும் இணைவதில்லை. ஆகவே பின்னலாடைத் தொழிலை மட்டும் அறிந்த மாணவர்க்கு இச்சொற்கள் அயன்மையாகத் தோன்றலாம். விசைத்தறிக் குடும்பத்து மாணவர்க்கோ இவை வீட்டுச் சொற்கள்.

பஞ்சுநூல்

யாத்திராகமம் 26:1இல் வரும் ‘பஞ்சுநூல்’ மிகுந்த கவனத்திற்குரியது. மூலத்தின் ‘ஷேஷ்’ என்னும் சொல் ஆளிச்செடியின் தண்டு நாரால் ஆன துணியைக் குறிக்கும். ஆங்கிலத்தில் அது ‘லினன்’ எனப்படுகிறது. பருத்தி நூலையே வாழ்வாதாரமாகக் கொண்ட திருப்பூரில் பஞ்சுநூல் என்றதும் பருத்தியே நினைவுக்கு வரும். ஐயம் எழ வாய்ப்பில்லை. அதே மொழிபெயர்ப்பு நீதிமொழிகள் 31:13இல் ஆளியைச் ‘சணல்’ என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘நார்ப்பட்டு’ என்னும் சொல்லால் இம்மயக்கத்தைத் தவிர்க்கிறது. மாறாக, எஸ்தர் 1:6இல் உள்ள ‘கர்பாஸ்’ பருத்தித் துணியைக் குறிப்பது. வடமொழிக் ‘கார்ப்பாச’த்துடன் தொடர்புடையது. ஜேம்ஸ் அரசர் பதிப்போ அதனைப் பச்சை நிறமாகக் கொண்டுள்ளது.

முடிவுரை

பழஞ்சொல்லின் பொருள் காண இணை மொழிபெயர்ப்பு, மூலமொழி, தொழில் வழக்கு ஆகிய மூன்றையும் ஒப்புநோக்குதல் வேண்டும். இவற்றுள் தொழில் வழக்கே விரைவில் மறையக்கூடியது. நாடா இல்லாத் தறிகள் பெருகுமிடத்து, ‘நாடா’ என்னும் சொல்லுக்குக் கயிறு என்னும் பொருளே எஞ்சக்கூடும். எனவே தறிக்கூடச் சொற்களை நெய்பவர் வாய்மொழியிலிருந்து தொகுப்பது நெசவியலுக்கு மட்டுமன்றி, விவிலியத் தமிழாய்வுக்கும் இன்றியமையாததாகும்.