பெருக்கும் சக்கரமும் சுருங்கும் காற்றும்

1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம், தன் எஃப்-150 பிக்கப் டிரக்கை வேகத்துக்கென்றே திருத்தியமைத்து, 'லைட்னிங்' என்னும் பெயரில் இரண்டாம் தலைமுறையாக வெளியிட்டபோது, அதன் 5.4 லிட்டர் எஞ்சினும் அந்த எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜரும் பெற்ற புகழில், அதன் 18 அங்குலச் சக்கரங்களுக்கும் அவற்றின்மேல் அமர்ந்த அகன்ற டயர்களுக்கும் கணிசமான பங்கு உண்டு. காலப்போக்கில் அந்த 18 அங்குலமும் சிறிதாகத் தோன்றவே, 20 அங்குலச் சக்கரம் பூட்டிப் பார்க்கும் ஆசை அதன் சொந்தக்காரர் பலரைப் பற்றிக்கொண்டது. ஆசை அநியாயமானதன்று, பெரிய பிரேக் தட்டுக்கு இடம் கிடைக்கும், வளைவில் டயர் நெளிவதும் குறையும். ஆனால், சக்கரத்தை வாங்கிவிடுவது போல அதற்கிசைந்த டயரை வாங்கிவிட முடியாது.

அந்த வண்டியின் டயர்ப் பக்கச்சுவரில் 295/45 இசட்ஆர் 18 என்று பொறித்திருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டர்க் கணக்கில். அடுத்தது, அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. கடைசி எண் சக்கரத்தின் விட்டம், அதுமட்டும் அங்குலத்தில். 295-இல் நூற்றுக்கு 45 பங்கு சுமார் 133 மி.மீ.; அதை இரட்டித்துச் சக்கர விட்டமான 457 மி.மீ.யுடன் கூட்டினால் டயரின் முழு விட்டம் ஏறக்குறைய 723 மி.மீ. ஆகிறது. வேகமானியும் தானியங்கி கியர்ப்பெட்டியும் பின் அச்சின் பல்விகிதமும் இந்த ஓர் அளவை நம்பியே அமைக்கப்பட்டிருக்கின்றன.

இப்போது 20 அங்குலச் சக்கரத்தில் அதே அகலத்தை விரும்பி 295/40 டயரைப் போட்டால் விட்டம் 744 மி.மீ.க்கு ஏறி, நூற்றுக்கு மூன்று பங்கு கூடிவிடும். வேகமானி 100 காட்டுகையில் வண்டி உண்மையில் 103-இல் ஓடும். 2001-ஆம் ஆண்டு முதல் அமைந்த 3.73 என்னும் பின் அச்சின் பல்விகிதம் 3.62 ஆக இருந்தாற்போல எஞ்சின் சற்று மந்தப்படும். 295/35 போட்டாலோ விட்டம் 714-க்கு இறங்கும். 305/35 கணக்கில் வெகு துல்லியமாக 721-இல் வந்து நிற்கும். ஆயினும் அதற்குக் குறைந்தது 10 அங்குல அகலமுள்ள ரிம் வேண்டும், உட்புறம் இடமும் வேண்டும். விட்டக் கணக்கை மட்டும் பார்ப்பவர் 305/35-ஐயே தேர்ந்தெடுப்பார். நான் தேர்ந்தெடுக்கமாட்டேன், அதற்குக் காரணம் காற்று.

1845-இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற காலத்திலும், 1888-இல் டன்லப் அதை மீண்டும் கண்டு நிலைநாட்டிய காலத்திலும், இன்றும், வண்டியின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது ரப்பரன்று, உள்ளே அடைபட்ட காற்றே. காற்றின் கனஅளவு குறைந்தால், அதே பாரத்தைச் சுமக்க அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அழுத்தம் கூடக்கூடப் பள்ளத்தின் அதிர்ச்சி நேரே ரிம்முக்குப் போகும். பக்கச்சுவர் 133-இலிருந்து 107 மி.மீ.க்குத் தாழ்ந்த டயர், குழிவிழுந்த சாலையில் ரிம்மை அடிவாங்கவிட்டு, தானும் இரண்டுக்குமிடையே நசுங்கும். ஆகவே, விட்டம் நூற்றுக்கு இரண்டு பங்கு கூடினாலும் பொறுத்துக்கொண்டு, 114 மி.மீ. பக்கச்சுவரைத் தரும் 285/40-ஐயே அன்றாடம் ஓடும் வண்டிக்கு உகந்ததென்று கருதுகிறேன்.

2004-இல் டாட்ஜ் நிறுவனம் வைப்பர் காரின் எஞ்சினைப் பொருத்தி வெளியிட்ட ராம் எஸ்.ஆர்.டி.-10 டிரக், 22 அங்குலச் சக்கரத்துடனேயே பிறந்ததே என்று கேட்கலாம். பிறந்தது உண்மை; ஆனால் அதன் டயர் 305/40, பக்கச்சுவர் 122 மி.மீ., முழு விட்டம் 803 மி.மீ. வண்டி முழுவதையும் அந்த விட்டத்துக்கென்றே வகுத்ததனால், சக்கரத்தைப் பெருக்கியபோதும் காற்றைப் பறிகொடுக்கவில்லை. முடிந்துபோன வண்டியின் மட்கார்டுக்குள் சக்கரத்தை மாற்றுபவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

எடையும் ஒரு விஷயம். டயரின் வெளிவட்டத்தில் கூடும் ஒரு கிலோ, வண்டி வேகமெடுக்கும்போது கிட்டத்தட்ட இரண்டு கிலோவாகவும், ரிம்மின் விளிம்பில் கூடுவது ஒன்றரைக் கிலோவாகவும் எஞ்சினுக்கு எதிர்நிற்கும். கனமான சக்கரம் குதிரைசக்தியை இவ்வாறு தின்பது, விலைகொடுத்து வாங்கிய வேகத்தை வீணாக்குவதே.

டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் குறிக்கும் சுமை எண்ணைப் பார்க்காமல் டயர் வாங்குவது ஆபத்து. 108 என்றால் 1,000 கிலோ. ஆனால் பயணிகள் கார் வகை டயரை டிரக்கில் போடும்போது அமெரிக்க விதி அந்தத் திறனை 1.10-ஆல் வகுக்கச் சொல்வதால், நிற்பது 909 கிலோவே. பூட்டியபின் ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதும் ஒடித்து, பின்தட்டில் சுமையேற்றி, பட்டை ஸ்பிரிங்கின் அருகிலும் மட்கார்டின் உள்விளிம்பிலும் ரப்பர் உராய்ந்த பளபளப்பு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அழுத்த அளவு பழைய 18 அங்குல டயருக்கு உரியது. புதிய டயரின் குறுக்கே சாக்குக்கட்டியால் கோடிழுத்து, சமதளமான சாலையில் சற்றுத் தூரம் நேரே ஓட்டிப் பார்க்கலாம்; நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று மிகை, ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறை. அதற்கேற்ப மாற்றலாம், ஆனால் பழைய டயர் சுமந்த பாரத்தைப் புதியது சுமக்கத் தேவையான அழுத்தத்துக்குக் கீழே மட்டும் இறங்கலாகாது.