சத்தியமங்கலம் மலைப்பகுதிச் சுற்றுலாவும் உள்ளூர் மக்கள் நலனும்: தீவுச் சுற்றுலாவை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சுற்றுலா நிலைத்து நின்று உள்ளூர் மக்களுக்குப் பயன்தருவது வருவோர் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததன்று. வருவாய் எவரைச் சேர்கிறது, வரம்பை எவர் வகுக்கின்றனர் என்பவற்றையும் பொறுத்தது. மாலத்தீவு, பரளிக்காடு ஆகியவற்றின் வழிச் சத்தியமங்கலத்திற்குரிய நெறியை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

காடு சூழ்ந்த மலையூர்கள் சில வகையில் தீவுகளை ஒத்தவை. நிலமும் நீரும் வரம்புடையன. வெளியுலகத் தொடர்பு ஓரிரு வழிகளில் அடங்குவது. ஈரோடு மாவட்டத்து ஆசனூர், கடம்பூர் மலையூர்கள் இத்தகையன. சத்தியமங்கலம் வனப்பகுதி 2008இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 2013இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட இக்காப்பகப் பகுதியில் சோளகர், ஊராளி, இருளர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். பண்ணாரி – காரப்பள்ளம் மலைப்பாதையில் 2022 முதல் இரவுப் போக்குவரத்தும் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. காப்பகத்தின் கட்டுப்பாடுகளோடு அன்றாடம் வாழ்வோர் இம்மக்களே. அதன் பெயரால் வரும் வருவாயில் அவர்களின் பங்கு யாது என்பதே இங்கு எழும் வினா.

மாலத்தீவு தரும் படிப்பினை

மாலத்தீவில் 1972இல் விடுதிச் சுற்றுலா தொடங்கியது. மக்கள் வாழாத தீவு ஒன்றிற்கு ஒரு விடுதி என்பதே அங்கு நெடுங்கால நடைமுறை. அதனால் பயணியர் ஊர்க்கடைகளை நாடும் தேவை குறைந்தது. இறக்குமதிச் செலவாகவும் வெளிநாட்டு நிறுவனங்களின் இலாபமாகவும் வருவாய் வெளியேறுவதைப் பொருளியலார் ‘கசிவு’ என்பர். 2009க்குப் பின் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் அனுமதிக்கப்பட்டன. வருவாய் ஊருக்குள் வந்தது. குப்பையையும் நன்னீர்த் தேவையையும் கையாளும் பொறுப்பும் உடன் வந்தது. எனவே பங்கு மட்டும் போதாது, வரம்பும் வேண்டும்.

பரளிக்காட்டு முறை

கோவை மாவட்டம் காரமடை வனச்சரகத்தில், பில்லூர் அணை நீர்ப்பரப்பை ஒட்டிய பரளிக்காட்டில், வனத்துறை பழங்குடியினரின் பங்கேற்புடன் சூழல் சுற்றுலாவை நடத்துகிறது. முன்பதிவு செய்தோர்க்கே அனுமதி உண்டு. பரிசல் ஓட்டுவோரும் மதிய உணவு சமைப்போரும் உள்ளூர்ப் பழங்குடியினர். கட்டணத்தில் ஒரு பகுதி இவ்வாறு ஊரிலேயே தங்குகிறது; கூட்டமும் கட்டுக்குள் நிற்கிறது. எனினும் உழைப்பில் பெறும் பங்கும் முடிவெடுப்பதில் பெறும் பங்கும் ஒன்றல்ல.

சத்தியமங்கலத்திற்குரிய நெறி

புலிகள் காப்பகச் சுற்றுலாவிற்கான 2012ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள், மையப் பகுதியில் 20 விழுக்காட்டிற்கு மேல் சுற்றுலாவிற்குப் பயன்படுத்தலாகாது என்கின்றன. இது காட்டிற்குரிய வரம்பு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ சமூக வன வளத்தைக் காக்கவும் நெறிப்படுத்தவும் கிராம சபைக்கு அதிகாரம் அளிக்கிறது. இவ்விரண்டையும் இணைத்துப் பின்வருவனவற்றை முன்மொழியலாம்: ஒரு நாளைக்கு வருவோர் எண்ணிக்கையை வகுப்பதில் கிராம சபையின் ஒப்புதல் பெறுதல், விடுதிகள் கேழ்வரகு, காய்கறி முதலியவற்றை மலையூர்களிலேயே வாங்குதல், வழிகாட்டிப் பணியைப் பழங்குடி இளைஞர்க்கு உரியதாக்குதல், வரவு செலவுக் கணக்கைக் கிராம சபையில் படித்துக் காட்டுதல்.

முடிவுரை

தீவாயினும் மலையாயினும், கட்டுப்பாட்டின் சுமை ஒருவர்க்கும் சுற்றுலாவின் ஊதியம் வேறொருவர்க்கும் ஆகுமிடத்துப் பாதுகாப்பிற்கு மக்கள் துணை நிலைப்பதரிது. கூலியோடு கணக்கும், கணக்கோடு முடிவெடுக்கும் உரிமையும் ஊருக்கு வருமாயின் சுற்றுலா அவ்வூர்க்குரிய தொழிலாகும்.