உஷார்! உள்ளே போன எண்ணெய் வெளியே வராது

செம்மறிக் குட்டித் தோல் ஜாக்கெட்டுக்குப் பூசக் கண்டிஷனர் டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறீர்களா? மூடிவிடுங்கள். இதைப் படித்து முடித்த பிறகு திறக்கலாமா என்று யோசிப்போம்.

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு லீட்ஸிலிருந்து அக்கா மகள் கூப்பிட்டாள். இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும்போது வீட்டில் எல்லோரும் காசு போட்டு, சென்னைப் பெரியமேட்டில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்த ஜாக்கெட் அவளுடையது. தேன் நிறம். கையில் எடுத்தால் பட்டுப்புடவை போல மடிந்து விழும். "சித்தி, தோள்பட்டைகிட்ட காய்ஞ்ச மாதிரி இருந்துச்சு. பூட்ஸுக்கு வாங்கின மிங்க் ஆயில் இருந்துச்சு, அதைத் தடவினேன். மூணு நாளாச்சு, இன்னும் ஈரமாவே தெரியுது" என்றாள். படம் அனுப்பச் சொன்னேன். இரண்டு தோளும் கருப்பட்டி நிறம், மற்ற இடமெல்லாம் பழைய தேன் நிறம். அதைவிட அவள் அடுத்துக் கேட்டதுதான் என்னை உலுக்கியது: "மீதியிலயும் தடவி எல்லாத்தையும் ஒரே கலரா ஆக்கிடட்டுமா?"

"தொடாதே, அப்படியே வை" என்று கத்திவிட்டேன். அவளைப் போல எத்தனை பேர் இந்த நேரத்தில் கையில் எண்ணெயோடு உட்கார்ந்திருக்கிறார்களோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் முப்பது வருடம் ஃபினிஷிங் பிரிவில் இருந்தவர். மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே பிரித்துச் சொல்வார். செம்மறித் தோலைப் பற்றி அவர் சொல்லித் தெரிந்துகொண்டதுதான் இந்த விஷயத்தின் ஆணிவேர். செம்மறி உடம்பில் இயற்கையாகவே கொழுப்பு அதிகம். தோலின் நடுவே கொழுப்பு அடைத்துக்கொண்டிருக்கும். பதனிடும்போது அந்தக் கொழுப்பை எடுத்துவிடுவார்கள். அது இருந்த இடம் காலியாகிறது, நார்களுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. ஜாக்கெட் அவ்வளவு மெத்தென்று இருப்பதற்குக் காரணம் அந்த இடைவெளிதான். எண்ணெய் பட்டால் பஞ்சு போல உறிஞ்சிவிடுவதற்கும் அதேதான் காரணம். மேலே இருக்கிற மெல்லிய கிரெய்ன் அடுக்குக்கும் கீழே உள்ள நாருக்கும் பிடிப்பு குறைவு. எண்ணெயில் ஊறினால் தோல் தொளதொளத்து, முழங்கையிலும் பாக்கெட் ஓரத்திலும் பை போலத் தொங்க ஆரம்பிக்கும்.

தடிமனையும் பாருங்கள். ஆட்டுக்குட்டித் தோல் ஜாக்கெட் பெரும்பாலும் 0.5 மில்லிமீட்டரிலிருந்து 0.8 மில்லிமீட்டர் வரைதான். மழையிலும் சேற்றிலும் மிதிபடும் பூட்ஸின் மாட்டுத் தோல் 2 மில்லிமீட்டரைத் தொடும். அந்தப் பூட்ஸுக்கு ஏற்ற மருந்தை இந்த மெல்லிய தோலுக்குக் கொடுத்தால் தாங்குமா?

"காய்ந்துவிட்டது" என்று நாம் நினைப்பதிலேயே ஒரு தவறு இருக்கிறது. தோலுக்குத் தேவையான எண்ணெயை டேனரியிலேயே ஊட்டிவிடுகிறார்கள். குரோமில் பதனிட்டு, சாயம் ஏற்றி, சுழலும் பெரிய டிரம்மில் சூடான தண்ணீரோடு எண்ணெயைப் பால் போலக் கலந்து விடுவார்கள். ஃபேட் லிக்கர் என்பது அதன் பெயர். ஒவ்வொரு நாரையும் தனித்தனியாகச் சுற்றிக்கொள்ளும்படி அந்த எண்ணெய் உள்ளே போகிறது. அதற்குப் பிறகுதான் மேல்பூச்சு. வீட்டில் துணியால் தேய்த்து அந்த வேலையை நாம் திரும்பச் செய்யவே முடியாது. லீட்ஸ் போன்ற ஊரில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் தொங்கும் ஜாக்கெட்டில் குறைவது பல நேரம் எண்ணெய் அல்ல, ஈரப்பதம். ஹீட்டரிலிருந்து தள்ளி, ஹீட்டர் ஓடாத அறையில் சில நாள் தொங்கவிட்டாலே சொரசொரப்பு குறையலாம்.

எண்ணெய் பூசி ஏமாந்தது நாம் மட்டுமல்ல. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் பெயரால் ஒரு தோல் மருந்து பல காலம் புழக்கத்தில் இருந்தது. லேனோலின், தேன்மெழுகு, செடார்வுட் எண்ணெய் எல்லாம் ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் கலந்தது. நூலகங்களில் பழைய தோல் அட்டைப் புத்தகங்களுக்கு அள்ளி அள்ளிப் பூசினார்கள். பிறகு பார்த்தால் அட்டைகள் கறுத்திருந்தன, பிசுபிசுத்தன, தூசியை இழுத்து ஒட்டிக்கொண்டன. பழம்பொருள் பாதுகாப்பில் பழுத்த கைகள் செய்த வேலை அது. இன்று அந்தத் துறையினர் இப்படி எண்ணெய் பூசுவதை அநேகமாக விட்டுவிட்டார்கள். அவர்களாலேயே திரும்ப எடுக்க முடியாததை நாம் துணியால் துடைத்து எடுத்துவிட முடியுமா?

ஆகவே எதைப் பூசக் கூடாது என்பதை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். மிங்க் ஆயில், மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் ஆயில் இரண்டும் சேணத்துக்கும் கனமான பூட்ஸுக்கும் உரியவை. ஆட்டுக்குட்டித் தோலை அவை கறுக்க வைக்கும், தளரவும் வைக்கும். "அதில் இயற்கைப் பொருள்தானே இருக்கிறது" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். தேங்காய் எண்ணெயும் இயற்கைதான். தோலுக்குள் போனால் நாளாக ஆக ஊசிப்போய் நாறும், குளிரில் உறைந்து வெள்ளை பூக்கும். ஆலிவ் எண்ணெயும் சிக்குவாடை அடிக்கும். வாஸலின் மேலே பிசுக்காக நின்று தூசி பிடிக்கும். ஷூ பாலிஷில் சாயமும் கரைப்பானும் இருக்கின்றன. நாளை நீங்கள் உட்காரும் வெள்ளை சோபாவுக்கும் சேர்த்து ஆபத்து. சோப்பு காரத்தன்மை உள்ளது, பதனிட்ட தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது, இரண்டுக்கும் ஆகாது. சானிடைசரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் மேல்பூச்சையே கரைத்துவிடும்.

தலைக்குப் போடுகிற கண்டிஷனரையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். எங்கள் அடுக்குமாடியில் ஒருவர் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று அதைத்தான் ஜாக்கெட்டில் தேய்த்தார். அது முடியில் பூசி, தண்ணீர் விட்டு அலசுவதற்காகச் செய்த பொருள். ஜாக்கெட்டை எங்கே கொண்டு போய் அலசுவது? பிசுபிசுப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

சரி, எதை வாங்குவது? டப்பாவில் ஆடைத் தோலுக்கு அல்லது நாப்பா தோலுக்கு என்று எழுதியிருக்க வேண்டும். நிறமில்லாததாக, தண்ணீர் அடிப்படையிலான மெல்லிய கிரீமாகவோ லோஷனாகவோ இருப்பது நல்லது. மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாடை தூக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நிறம் கறுக்கலாம் என்று எங்காவது சின்ன எழுத்தில் போட்டிருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடிப் படியுங்கள். சுத்தம், பளபளப்பு, தண்ணீர் புகாமை எல்லாம் ஒரே டப்பாவில் என்று சொல்வது வேண்டாம். இருப்பதிலேயே சின்ன டப்பா போதும், அதுவே பல வருடம் வரும். தண்ணீர் புகாமலிருக்க அடிக்கும் ஸ்ப்ரேயைச் சிலர் கூடவே வாங்குகிறார்கள். மூடிய அறையில் அதை அடிக்கவே அடிக்காதீர்கள். அந்த நுண்துளிகள் மூச்சில் போய் நுரையீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

வாங்கியதும் பூசிவிட முடியாது. உங்களிடம் இருப்பது எந்த வகைத் தோல் என்று தெரிய வேண்டும். உள்மடிப்பில், வெளியே தெரியாத இடத்தில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்து போல நின்றால் மேல்பூச்சு உள்ள தோல், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். உடனே உறிஞ்சிக் கறுத்தால் பூச்சில்லாத அனிலின் வகை. அதில் தொட்டதெல்லாம் தழும்புதான். மேல்புறம் வெல்வெட் போலச் சுணையாக இருந்தால் அது ஸ்வேட். கிரீம் என்ற பேச்சே கூடாது, பிரஷ் மட்டும்தான். மேலே பிளாஸ்டிக் படலம் போலப் பட்டை பட்டையாக உரிகிறதா? அது பெரும்பாலும் தோலே அல்ல, ரெக்சின் வகை. எந்தக் கண்டிஷனரும் அதை ஒட்டவைக்காது, காசை வீணாக்காதீர்கள்.

அடுத்தது, இதைத் தவறவிட்டால் மற்ற எதுவும் பயனில்லை: காலரின் அடிப்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பூசி, முழுதாக 24 மணி நேரம் விடுங்கள். அக்கா மகள் இதைச் செய்திருந்தால் காலருக்கு அடியில் ஒரு கறுப்புப் புள்ளியோடு தப்பித்திருப்பாள். மறுநாள் ட்யூப்லைட்டில் பார்க்காதீர்கள், ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் மாறியிருக்கிறதா, தொட்டால் ஒட்டுகிறதா, வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயம் வருகிறதா? மூன்றில் ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தாலும் அந்த டப்பா அந்த ஜாக்கெட்டுக்கு இல்லை.

தேறியதா? முதலில் மெல்லிய பருத்தித் துணியால் தூசியைத் தட்டித் துடையுங்கள். அழுக்கின் மேல் கிரீம் பூசினால் அழுக்கைத்தான் உள்ளே தள்ளுவீர்கள். காலரிலும் கை விளிம்பிலும் வியர்வைக் கறை இருக்கும். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒற்றி, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு கிரீமைத் துணியில் எடுங்கள். ஜாக்கெட்டின் மேல் நேரடியாக ஊற்றக் கூடாது, ஊற்றிய இடம் வட்டமாகவே நின்றுவிடும். ஒரு கைக்கு ஒரு வேர்க்கடலை அளவு போதும். துணியிலேயே இரண்டு முறை தேய்த்துப் பரப்பிவிட்டு, ஒரு துண்டுத் தோலை ஒரே மூச்சில் தையலிலிருந்து தையல்வரை முடியுங்கள். நடுவில் நிறுத்தினால் கோடு விழும். தையல் மேல் அழுத்தித் தேய்க்காதீர்கள், ஊசித் துளைகளில் கிரீம் அடைந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கீழ் விளிம்பு மடிப்புகளைத் தையலோடு பசை போட்டும் ஒட்டியிருப்பார்கள். எண்ணெய் இறங்கினால் அந்தப் பசை விட்டுப்போகும், உள்துணியிலும் கறை ஏறும். ஒரு மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் மிச்சத்தை எடுத்துவிட்டு, அகலமான ஹேங்கரில் ஒரு நாள் தொங்கவிடுங்கள். வெயில், இஸ்திரி, ஹீட்டர் எதுவும் அருகில் கூடாது.

வருடத்துக்கு ஒரு முறையே பல ஜாக்கெட்டுகளுக்கு அதிகம்.

சென்னையிலும் மற்ற கடலோர ஊர்களிலும் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. இங்கே ஜாக்கெட்டுக்கு எதிரி வறட்சி அல்ல, பூசணம். ஐப்பசி கார்த்திகை மழையில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நிற்கும். மணாலிக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போது மட்டும் எடுக்கிற ஜாக்கெட் பீரோவில் பிளாஸ்டிக் உறைக்குள் புழுங்கிக் கிடக்கும். அதில் நீங்கள் கூடுதலாகப் பூசிய கொழுப்பு பூசணத்துக்குச் சாப்பாடு. உறையைக் கழற்றிப் பருத்தித் துணியால் மூடுங்கள், மாதம் ஒரு முறை வெளியே எடுத்து நிழலில் காற்றாடவிடுங்கள்.

வெள்ளையாகப் பூத்திருந்தால் பதறி அதன் மேலேயே கண்டிஷனர் தேய்த்துவிடாதீர்கள். அது பூசணமாகவும் இருக்கலாம், தோலிலிருந்து வெளியே வந்து உறைந்த கொழுப்பாகவும் இருக்கலாம். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சில நொடிகள் மட்டும் காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு. மறையாமல் நின்றால் பூசணம். மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான பிரஷால் தட்டி எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே பூசித் தொலைத்தவர்களுக்கு, அக்கா மகளுக்குச் சொன்னதையே சொல்கிறேன். இன்னொரு சொட்டுக்கூட வேண்டாம். நிறத்தை ஒன்றாக்கப் போனால் தோள் மட்டும் கெட்டது முழு ஜாக்கெட்டும் கெட்டதாகிவிடும். மேலே நிற்கிற எண்ணெயை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, சோளமாவைத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் மென்மையாகத் தட்டிவிடச் சொன்னேன். தெருமுனை லாண்டரியில் கொடுக்காதே என்றும் சொன்னேன். டிரை கிளீனிங் கரைப்பான் டேனரியில் ஊட்டிய எண்ணெயையும் சேர்த்து உருவிவிடும், தோல் அட்டை போலாகும். தோல் வேலை மட்டும் செய்கிறவர்களிடம்தான் போக வேண்டும்.

நேற்று மறுபடி படம் அனுப்பினாள். மூன்று ராத்திரி சோளமாவில் ஒட்டுகிற பிசுக்கு போயிருக்கிறது. கருப்பட்டி நிறம் அப்படியே இருக்கிறது. அங்கே தோல் ஆடைகளுக்கு நிறம் ஏற்றித் தருகிற ஒருவரைக் கண்டுபிடித்துக் காட்டியிருக்கிறாள். தோளைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவர முடியாதாம், முழு ஜாக்கெட்டையும் அடர் பழுப்பாக்கித் தரலாம் என்று சொல்லியிருக்கிறார். "தேன் கலர் இனிமே கிடையாதா சித்தி?" என்று கேட்டிருக்கிறாள். கிடையாதுடா என்று இன்னும் எழுதவில்லை, எழுதத்தான் வேண்டும்.