எழுத்து ஒன்று, அளவு ஒன்று!

அந்தக் காலத்தில் நம் ஊர்களில் நெல்லும் அரிசியும் படியால் அளக்கப்பட்டன. 'படி' என்ற சொல் ஒன்றுதான். ஆனால் ஊருக்கு ஊர் படி மாறும். ஒரே ஊரில் ஒரே படியைக் கொண்டு அளந்தாலும், தலை வழித்து அளப்பவர் ஒருவர், குவித்து அளப்பவர் ஒருவர். ஆகவே விவரம் அறிந்த குடும்பஸ்தர்கள், "என்ன விலை?" என்று கேட்பதற்கு முன்னால், "எந்தப் படி?" என்று கேட்பார்கள்.

1956-ல் சட்டம் செய்து தேசம் முழுவதற்கும் மெட்ரிக் அளவைக் கொண்டு வந்தார்கள். 1957-ல் நயா பைசா வந்தது. அணாவுக்கு விடை கொடுத்தோம். 'ஊருக்கு ஒரு படி' என்னும் குழப்பம் அதோடு ஒழிந்தது என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். அது ஒழியவில்லை, வீட்டு வாசலில் சாய்த்து வைத்திருக்கும் ஸைக்கிளின் டயரில் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பதைச் சமீபத்தில்தான் கண்டுகொண்டோம்.

எதிர் வீட்டு வண்டி

நம் எதிர் வீட்டுப் பெண் காலேஜுக்கு ஸைக்கிளில் போகிறவள். போக எட்டுக் கிலோமீட்டர், வர எட்டுக் கிலோமீட்டர். தகப்பனார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பின் டயர் தேய்ந்து நூல் தெரிய ஆரம்பித்ததும், அவர் கடைக்குப் போனார். பழைய டயரின் பக்கத்தில் '700 × 35' என்று எழுதியிருந்தது. வேறொரு கம்பெனியின் 700 × 35 டயரை வாங்கி வந்து மாட்டினார். எண்ணுக்கு எண் சரியாக இருந்தது.

நான்காம் நாள் அந்தப் பெண் நம்மிடம், "மாமா, வண்டி முன் மாதிரி இல்லை. மிதிக்கவே முடியவில்லை" என்றாள்.

"ராத்திரி கண் விழித்துப் படிக்கிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை. தன் உடம்பில் தெம்பு இல்லாததற்கு வண்டியைக் குறை சொல்கிறாள்" என்றார் தகப்பனார். நாமும் அதை ஆமோதித்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டு வாரம் அவள் பத்து நிமிஷம் முன்னதாகப் புறப்பட்டுப் பார்த்தாள். அப்படியும் இரண்டு நாள் முதல் வகுப்புக்குத் தாமதமாகி, வீட்டிலும் திட்டு வாங்கிக்கொண்டாள். மூன்றாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. டயரில் ஒட்டிய சேறு மட்கார்டுக்குள் போய் இறுகிக்கொள்ளவே, நடு ரஸ்தாவில் சக்கரம் நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. டிரைவர் நிதானம் உள்ளவர். சட்டென்று பிரேக் போட்டார். அந்தப் பெண் முழங்கால் சிராய்ப்போடு தப்பினாள்.

அன்று மாலை வண்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தோம். பின் சக்கரத்தின் இருபுறமும் உள்ள சட்டத்தில் வர்ணம் உரிந்து இரும்பு மின்னிற்று. வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து காலிபரைக் கொண்டுவந்து அளந்தார். புது டயரின் அகலம் 37 மில்லிமீட்டர். பரணில் கிடந்த பழைய டயரை அதே ரிம்மில் மாட்டிக் காற்றடித்து அளந்தோம். அது 33 மில்லிமீட்டர். இரண்டிலும் எழுதியிருந்ததோ 35!

எண் பிறந்த கதை

இந்த விசித்திரத்தின் மூலத்தைத் தேடினால் சரித்திரத்துக்குள் போகவேண்டியிருக்கிறது. காற்றடைத்த டயருக்கு 1845-லேயே ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அது வழக்கத்துக்கு வரவில்லை. 1888-ல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குச் செய்து பார்த்த டயர்தான் உலகத்தை வென்றது.

அக்காலத்தில் டயரின் மேல் எழுதிய எண், காற்றடித்த சக்கரத்தின் வெளி விட்டத்தையே குறித்தது. '28 × 1½' என்றால், நிறுத்திய சக்கரம் ஏறக்குறைய 28 அங்குல உயரம், டயரின் கனம் 1½ அங்குலம் என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்கள் இதையே மில்லிமீட்டரில் 700 என்று எழுதி, டயரின் பருமனுக்கு ஏற்ப ஏ, பி, ஸி என்று எழுத்துச் சேர்த்தார்கள். டயர் பருத்தால் ரிம் சிறுக்கவேண்டும். அப்போதுதான் வெளி விட்டம் 700 ஆகவே இருக்கும். இதில் 'ஸி' பருத்த டயருக்கு உரியது.

பிறகு என்ன நடந்தது? அந்த ஸி ரிம்மில் மெல்லிய டயர்களை மாட்டத் தொடங்கினார்கள். விட்டம் குறைந்தது, பெயர் மட்டும் குறையவில்லை. இன்று 25 மில்லிமீட்டர் டயர் மாட்டிய '700 ஸி' சக்கரத்தை அளந்தால் சுமார் 672 மில்லிமீட்டர்தான் இருக்கும்!

நம் நாட்டுக்கு இங்கிலாந்து வண்டிகளோடு அங்குலக் கணக்கும் வந்தது. 1947-ல் சுதந்திரம் வந்தது. 1949-ல் சென்னைக்கு அருகே அம்பத்தூரில் ஸைக்கிள் கம்பெனி ஒன்று தோன்றி இங்கேயே வண்டி செய்யத் தலைப்பட்டது. ஆனாலும் நம் பெரிய கறுப்பு வண்டியின் டயரில் 28 × 1½ என்பது அப்படியே நின்றது.

வாத்தியாரை மலைக்க வைத்த கணக்கு

எண்களின் லீலை இதோடு நிற்கவில்லை. ஒன்றரையைத் தசமத்தில் எழுதினால் 1.5 என்று நம் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். டயர் உலகத்தில் அப்படிச் சொன்னால் கை சுட்டுவிடும். 26 × 1½ என்னும் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 584 மில்லிமீட்டர்; 26 × 1.50 என்னும் டயருக்கு 559. இரண்டுக்கும் ஓர் அங்குல வித்தியாசம்! ஒன்றை மற்றொன்றின் ரிம்மில் மாட்டவே முடியாது. 26 × 1⅜ என்பதற்கோ 590.

இன்னும் கேளுங்கள். 27 × 1¼ டயரின் ரிம் 630 மில்லிமீட்டர். அதைவிடப் பெரிதாக இருக்கவேண்டிய, '28' என்று பெயர் வாங்கிய 700 ஸி-யின் ரிம் 622 தான். '29' அங்குலம் என்று கம்பீரமாக விற்கும் மலைப்பாதை வண்டிக்கும் அதே 622! பின்னத்தில் எழுதிய டயரும் தசமத்தில் எழுதிய டயரும் கணக்கில் சமமாக இருந்தால், அவை ஒன்றுக்கொன்று பொருந்தா என்பதையே ஒரு விதியாக, பாதி வேடிக்கையாகச் சொல்லிவைத்தார் 2008-ல் காலமான அமெரிக்க ஸைக்கிள் நிபுணர் ஷெல்டன் பிரௌன். இதைக் கேட்ட நம் வாத்தியார் சிறிது நேரம் பேசவே இல்லை.

இந்தக் கலவரத்தை அடக்க ஒரு வழி உண்டு. 1964-ல் ஏற்பட்ட ஐரோப்பிய டயர்-ரிம் சங்கம் வகுத்த முறையைச் சர்வதேசத் தரமும் பின்னர் ஏற்றுக்கொண்டது. அதன்படி டயரின் பக்கத்தில் '37-622' என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். நம் 28 × 1½ இந்த முறையில் 40-635 ஆகும். இரண்டாவது எண்ணை நம்பலாம். ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் டயர் சரியாக உட்காராது என்பதால், கம்பெனிகள் அதில் கண்டிப்பாக இருக்கின்றன. முதல் எண்தான் நமக்குக் கண்ணாமூச்சி காட்டுவது.

அகலம் ஏன் மாறுகிறது?

முதற்காரணம் ரிம். டயர் என்பது ஒரு குழாய் அல்ல. ஒரு பக்கம் திறந்த வாய். அந்த வாயை எவ்வளவு அகலமாக விரித்து வைக்கிறோமோ அதற்குத் தக்கபடி உடலும் பருக்கும். ரிம்மின் உள் அகலம் 4 மில்லிமீட்டர் கூடினால் டயர் ஏறக்குறைய 1½ மில்லிமீட்டர் பருக்கும். கம்பெனிக்காரர் ஒரு குறிப்பிட்ட ரிம்மில் மாட்டி அளந்து எழுதுகிறார். நாம் வேறொரு ரிம்மில் மாட்டுகிறோம்.

இரண்டாவது, காற்றும் காலமும். அதிகக் காற்றடித்தால் டயர் சற்று விரியும். புது டயர் சில நாள் ஓடியபின், நூல்கள் இளகி இன்னும் கொஞ்சம் பருக்கும். தலை வழித்த படிக்கும் குவித்த படிக்கும் உள்ள பேதம் போன்றது இது.

மூன்றாவது, வியாபாரம். பந்தய வண்டிக்காரர்கள் எடை குறைந்த டயரைத் தேடுகிறார்கள். உண்மையில் 23 மில்லிமீட்டர் உள்ள டயரில் 25 என்று எழுதினால், '25-க்குள் இதுவே லேசானது' என்று விளம்பரம் செய்யலாம் அல்லவா? போட்டிக் கம்பெனியும் சும்மா இருக்குமா? 1970-களிலும் 1980-களிலும் இந்தத் தந்திரம் மலிந்திருந்தது என்று பிரௌன் விளக்கியிருக்கிறார். இப்போது நிலைமை பெரிதும் திருந்தியிருக்கிறது. ஆனால் தரவிதியே சிறிது கூடுதல் குறைவுக்கு இடம் கொடுக்கிறது. ஒருவர் மேல் எல்லையிலும் மற்றொருவர் கீழ் எல்லையிலும் நின்றால், நடுவில் அகப்படுகிறவர் நம் எதிர் வீட்டுப் பெண்.

காற்றின் கணக்கும் இதனால் மாறும். ஒரே அழுத்தத்தில் காற்றடித்தாலும், டயர் பருக்கப் பருக்க அதன் நூல்கள் தாங்கும் இழுவை அதே விகிதத்தில் ஏறும். 33-க்குப் பதில் 37 என்றால் நூறுக்குப் பன்னிரண்டு பங்கு அதிகம். ஆகவே பருத்த டயருக்குக் காற்றைச் சற்றுக் குறைத்தே அடிக்கவேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. தையல் நாடா போதும். மாட்டாத டயரைத் தட்டையாக விரித்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை குறுக்கே அளக்கவேண்டும். அதோடு ரிம்மின் உள் அகலத்தைக் கூட்டி 3.14-ஆல் வகுத்தால், மாட்டியபின் வரக்கூடிய அகலம் ஏறக்குறைய கிடைக்கும். வாத்தியார் செய்து பார்த்தார். புது டயர் 96, ரிம் 19, கூட்டினால் 115, வகுத்தால் 36½-க்குச் சற்று மேல். பழைய டயர் 83, விடை 32½. காலிபர் சொன்னதையே நாடாவும் சொல்லிற்று.

டயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் இரண்டாவது எண் பழைய டயரோடு பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு, மட்கார்டிலும் சட்டத்திலும் இருபுறமும் மேலும் எவ்வளவு இடைவெளி உண்டு என்று அளந்துகொண்டு போகவேண்டும். டயர் பருத்தால் உயரமும் கூடும் என்பதை மறக்கலாகாது. மாட்டியபின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கவேண்டும். கோட்டம் உள்ள சக்கரமானால் இன்னும் அதிக இடைவெளி வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அளப்பது உத்தமம்.

'ஒரு டயருக்கு இவ்வளவு பாடா?' என்று சிலர் நினைக்கலாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் பெண்கள் ஸைக்கிள் விடக் கற்றுக்கொண்டார்கள். 2001-02-ல் தொடங்கித் தமிழ்நாட்டு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஸைக்கிள் வழங்கி வந்திருக்கிறது. எத்தனையோ பெண்களின் படிப்பும் பிழைப்பும் இந்த இரண்டு சக்கரங்களின் மேல்தான் ஓடுகின்றன. சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே உள்ள இரண்டு மில்லிமீட்டர் அற்ப விஷயம் அல்ல.

வாத்தியார் மறுநாள் காலிபரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். வேறு டயர் வந்தது; மாட்டி அளந்தபோது 32 இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மகளைக் கூப்பிட்டு, "தப்பு என்னுடையது அம்மா. நீ சொன்னதை நம்பாமல், டயரில் எழுதியிருந்ததை நம்பிவிட்டேன்" என்றார்.

அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இப்போது சரியாக இருக்கிறது, அப்பா" என்றாள். இந்தத் தடவை நாங்கள் இருவரும் அவள் சொல்லையே அளவாக எடுத்துக்கொண்டோம்.