கடினமான கேள்வி வந்தால் முதலில் நீங்கள் கேளுங்கள்

மேனுவல் டெஸ்டிங்கிலோ புரொடக்‌ஷன் சப்போர்ட்டிலோ சில வருடங்கள் ஓட்டியவர்கள் டெவலப்மென்ட்டுக்கோ டேட்டா இன்ஜினியரிங்குக்கோ மாற நினைக்கும்போது, டெக்னிக்கல் ரவுண்டு பற்றிய பயம்தான் பெரும்பாலும் குறுக்கே நிற்கிறது. "கோடிங் கேட்டால் திணறிவிடுவேன்" என்று ஒவ்வொரு அப்ரைசலுக்கும் முடிவைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த ரவுண்டில் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், அதற்குத் தயாராவது எளிது.

எதைப் பார்க்கிறார்கள்?

விடையோடு சேர்த்து, நீங்கள் அதை நோக்கி நகரும் விதத்தையும் பார்க்கிறார்கள். அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வி: "4, 11, 6, 3 என்று ஒரு அர்ரே. எந்த இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 9?"

உடனே கோட் எழுதத் தொடங்காதீர்கள். ஒரே எண்ணை இரண்டு முறை எடுக்கலாமா, மைனஸ் எண்கள் வருமா, ஜோடியே இல்லாவிட்டால் எதைத் திருப்பித் தருவது என்று கேளுங்கள். அடுத்து, தோன்றும் எளிய வழியைச் சொல்லுங்கள்: ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்ப்பது. அதன் குறையையும் நீங்களே சொல்லுங்கள். 10,000 எண்கள் இருந்தால் ஏறக்குறைய 5 கோடி ஜோடிகளைப் பார்க்க வேண்டிவரும்.

பிறகு மேம்பட்ட வழி. பார்த்த எண்களை ஒரு ஹேஷ்மேப்பில் போட்டுக்கொண்டே வாருங்கள். 4 வந்தால் 5 தேவை, இல்லை. 11 வந்தால் மைனஸ் 2 தேவை; இல்லை. 6 வந்தால் 3 தேவை, இன்னும் வரவில்லை. 3 வந்தால் 6 தேவை, ஏற்கெனவே இருக்கிறது. ஒரே சுற்றில் வேலை முடிந்தது. நேரம் மிச்சம், மெமரி கூடுதல் செலவு என்பதையும் சேர்த்துச் சொன்னால், எதிரே இருப்பவருக்கு உங்கள் யோசனை முழுதாகத் தெரிந்துவிடும்.

எஸ்க்யூஎல்லிலும் இதே கதைதான். "இரண்டாவது அதிகபட்ச சம்பளம் எது?" என்பார்கள். இருவருக்கு 90,000, ஒருவருக்கு 80,000 என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தை இறங்குவரிசையில் அடுக்கி இரண்டாம் இடத்தை எடுத்தால், ரோ நம்பர் 90,000 தரும். ரேங்க்கில் 1, 1, 3 என்று போவதால் இரண்டாம் இடமே இருக்காது. டென்ஸ் ரேங்க்தான் 80,000 தரும். "சம்பளம் சமமாக இருந்தால் எப்படிக் கணக்கிட வேண்டும்?" என்று முதலிலேயே கேட்பவர் இந்தப் பொறியில் சிக்கமாட்டார்.

தெரியாத கேள்வி வந்தால்?

சமாளிக்க வேண்டாம், அடுத்த இரண்டு கேள்விகளில் குட்டு வெளிப்பட்டுவிடும். "காஃப்கா நான் பயன்படுத்தியதில்லை. எங்கள் ப்ராஜெக்ட்டில் ராபிட்எம்க்யூ. மெசேஜ் தொலையாமல் இருக்க அதில் இப்படிச் செய்திருந்தோம்" என்று தெரிந்த இடத்துக்குப் பேச்சைக் கொண்டுவாருங்கள். அது நேர்மையான பதில், பயனுள்ள பதிலும்கூட.

போலி அனுபவம் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் போகவே போகாதீர்கள். 12 இலக்க யூஏஎன் எண்ணை வைத்து எந்த நிறுவனம் எந்தக் காலத்தில் உங்களுக்கு பிஎஃப் கட்டியது என்று பார்த்துவிடலாம். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் மாட்டினால், சேர்ந்த பிறகும் வேலை போகலாம்.

மாறுவதற்கான திட்டம்

முதலில் ஒரு ரோலைத் தேர்ந்தெடுங்கள். அதற்கான வேலை அறிவிப்புகளைப் பத்துப் பதினைந்து படித்து, திரும்பத் திரும்ப வரும் நான்கைந்து திறன்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இப்போதைய வேலையிலேயே அதற்கு ஒரு சான்றை உருவாக்குங்கள். டெஸ்டர் என்றால் ரிக்ரெஷன் கேஸ்களை செலினியத்தில் ஆட்டோமேட் செய்யலாம். சப்போர்ட்டில் இருப்பவர் லாக் தேடும் வேலையைப் பைத்தானில் ஸ்கிரிப்ட் ஆக்கலாம். "என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு, சர்டிஃபிகேட்டைவிட இது வலுவான பதில்.

ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் பேப்பர் போடாதீர்கள். பல நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் 90 நாள் இருக்கும். பைஅவுட் உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். சிடிசியைப் பார்த்து மயங்காதீர்கள். நிறுவனம் கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, வேரியபிள் பே எல்லாம் அதற்குள்ளேயே இருக்கக்கூடும். மாதம் கைக்கு வருவது எவ்வளவு என்று கேட்டு ஒப்பிடுங்கள்.

ஒரு இன்டர்வியூவில் தேறவில்லை என்றால், கேட்ட கேள்விகளை அன்று இரவே எழுதிவைத்து, திணறியவற்றுக்கு விடை தேடுங்கள். தினம் ஒரு கணக்கை எடுத்து, வாய்விட்டு விளக்கிக்கொண்டே போட்டுப் பழகுங்கள். மனதுக்குள் தெரிந்ததை எதிரே இருப்பவருக்குப் புரியச் சொல்வது பழக்கத்தால்தான் வரும். இன்றைக்கே ஒரு கணக்கில் தொடங்குங்கள்.